வாரம் பத்துப் பாட்டு

*அன்று கேசட் உறையில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இன்று வாட்ஸ்அப்பில் இணைப்பாக அனுப்புகிறார்கள். தனக்குப் பிடித்த பழைய பாட்டையும் புதுப் பாட்டையும் வரிசை கட்டி இன்னொருவருக்குத் தரும் பழக்கம் ஏன் விடாமல் தொடர்கிறது?*

பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் பத்துக்குப் பத்து அடியில் ஒரு கடை. சுவர் முழுக்க இசைத்தட்டு உறைகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு டேப் டெக், ஓர் ஆம்ப்ளிஃபயர், அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டு. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்கும் கல்லூரி மாணவர் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த கோடு போட்ட தாளை எடுத்து விரிக்கிறார். ஏ பக்கத்துக்கு ஆறு பாட்டு, பி பக்கத்துக்கு ஆறு பாட்டு. கடைக்காரர் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்து நாலாவதில் நிறுத்துகிறார்.

“இது ஆறு நிமிஷம் ஓடும் தம்பி. ஏ பக்கம் கொள்ளாது. பி பக்கம் தள்ளிடவா?”

மாணவர் யோசிக்கிறார். அந்தப் பாட்டை நகர்த்தினால் முன்னும் பின்னும் இரண்டு நாள் யோசித்துக் கோத்த வரிசை குலைந்துபோகும். கடைசியில் ஐந்தாவது பாட்டை அடித்துவிட்டு, வேறொரு சின்னப் பாட்டை எழுதித் தருகிறார். நாலாவது அங்கேயே இருக்கட்டும்.

“சரி, வியாழக்கிழமை வாங்க.”

1980களிலும் 90களின் முதல் பாதியிலும் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்று பலகை மாட்டிய கடைகளில் இது அன்றாடக் காட்சி. கடைகள் மூடி வருடங்கள் ஆகிவிட்டன. அந்தத் தாள் மட்டும் போகவில்லை. அது கைபேசிக்குள் குடியேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் பள்ளித் தோழர்கள் குழுவிலோ, சித்தி பெரியம்மா பிள்ளைகள் குழுவிலோ ஒரு இணைப்பு வந்து விழுகிறது. ‘இந்த வாரப் பாட்டு’ என்று தலைப்பு. பத்தோ பன்னிரண்டோ இருக்கும். ஒரு சுசீலா, ஒரு ஸ்வர்ணலதா, போன வாரம் வெளியான ஏதோ ஒரு படத்தின் பாட்டு, யாரும் கேள்விப்படாத ஒரு தனியிசைப் பாட்டு. ஒருவர் அனுப்புகிறார், நாலைந்து பேர் கேட்கிறார்கள், அடுத்த வாரம் இன்னொருவர் முறை.

இன்று பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. ஸ்பாட்டிஃபையில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. கேட்பவரின் ரசனையைக் கணித்து அடுத்த பாட்டைத் தானாகவே எடுத்துவைக்கும் மென்பொருளும் இருக்கிறது. இவ்வளவும் கையில் இருக்க, இன்னொரு மனிதர் பொறுக்கித் தரும் பத்துப் பாட்டுக்காக ஏன் காத்திருக்கிறார்கள்?

அஞ்சலட்டையில் தொடங்கிய பழக்கம்

1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். திரைப்பாடல்கள் மீது அவருக்கு மதிப்பில்லை. அகில இந்திய வானொலியில் அவை அருகின. நேயர்கள் சிற்றலை வரிசையில் முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போனார்கள். வட இந்தியாவை அமீன் சயானியின் ‘பினாகா கீத்மாலா’ கட்டிப்போட்டது என்றால், தமிழகத்தை மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற குரல்கள் கட்டிப்போட்டன. 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதி வந்த பிறகுதான் இழந்த நேயர்களை இந்திய வானொலி திரும்பப் பிடிக்கத் தொடங்கியது.

இந்த வானொலிகள் எல்லாம் ‘நேயர் விருப்பம்’ என்ற பெயரில் செய்தது பாட்டுப் பகிர்வுதான். ஒருவர் அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும் படத்தின் பெயரையும் எழுதி, யாருக்காக என்றும் எழுதிப் போடுவார். பல வாரம் கழித்து அவர் பெயர் காற்றில் வரும். கூடவே ஊர் பெயரும். அன்றைய பிகாரில் இருந்த, இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா என்ற சிற்றூர் நாடு முழுக்கப் பிரபலமானதே இப்படித்தான். மைக்கா சுரங்க ஊர். அங்கிருந்து வந்து குவிந்த நேயர் விருப்பக் கடிதங்களால், அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டவர்களும் உண்டு.

வானொலியில் ஒருவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு பாட்டு. வரிசை அறிவிப்பாளர் கையில் இருந்தது. கேசட் வந்ததும் வரிசையும் கேட்பவர் கைக்கு வந்தது. மாற்றம் அங்கேதான் நிகழ்ந்தது. எந்தப் பாட்டுக்குப் பின்னால் எந்தப் பாட்டு என்பதை முதன்முதலாகச் சாதாரண மனிதர்கள் தீர்மானித்தார்கள்.

> 60 நிமிடத்தில் ஒரு மனசு
>
> பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட்டை அறிமுகம் செய்தது.
>
> 60 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். தமிழ்த் திரைப்பாடல் நாலரை, ஐந்து நிமிடம் என்று கணக்கிட்டால் மொத்தம் 12 பாட்டு. 90 நிமிட கேசட்டில் 18. கேசட் நீளமாக நீளமாக உள்ளே நாடா மெலிந்துகொண்டே போகும், சிக்குவதும் அதிகம்.
>
> பதிந்ததை யாரும் அழித்துவிடாமல் இருக்க, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் முனைகளை உடைத்துவிட வேண்டும். மனசு மாறினால் அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டி மறுபடி பதியலாம்.
>
> உரிமை பெறாமல் பாட்டைப் பிரதியெடுத்து விற்பது அன்றும் சட்டப்படி குற்றமே. 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். கடைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தன.

ஒரு பிழை காட்டிக்கொடுத்த ரகசியம்

2015 ஜூலையில் ஸ்பாட்டிஃபை ‘டிஸ்கவர் வீக்லி’ என்ற சேவையைத் தொடங்கியது. திங்கள்கிழமைதோறும் ஒவ்வொருவருக்கும் 30 பாட்டு. அந்த நபர் இதுவரை கேட்காத பாட்டாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது திட்டம். சோதனைக் கட்டத்தில் ஒரு கோளாறு. ஏற்கெனவே கேட்டுப் பழகிய பாட்டுகளும் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டன. பொறியாளர்கள் பதறிப்போய்ச் சரிசெய்தார்கள். சரிசெய்த உடனே கேட்பவர்களின் ஆர்வம் சரிந்தது. தெரிந்த பாட்டு ஓரிரண்டு இருந்தால்தான் தெரியாத பாட்டை நம்பிக் கேட்கிறார்கள் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. இந்தக் கதையை வெளியே சொன்னவர் அந்தச் சேவையை உருவாக்கியவர்களில் ஒருவரான மேத்யூ ஓகல்.

கல்யாண வீட்டுக் கச்சேரியில் வாசிக்கிற நாதஸ்வரக் கலைஞரிடம் கேட்டிருந்தால் இதை அன்றைக்கே சொல்லியிருப்பார். கூட்டத்துக்குத் தெரிந்ததை ஒன்று வாசித்துவிட்டுத்தான் தான் விரும்பியதை அவர் எடுப்பார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த மென்பொருள் வேலை செய்யும் முறையில் முக்கியமான மூலப்பொருள், மக்கள் தங்கள் கையால் கோத்து வைத்திருக்கும் கோடிக்கணக்கான பாட்டுப் பட்டியல்கள். எந்தப் பாட்டும் எந்தப் பாட்டும் அடிக்கடி ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்று பார்த்துத்தான் அது கணிக்கிறது. ஆக, இயந்திரம் பரிந்துரைக்கும் பாட்டுக்குப் பின்னாலும் யாரோ ஒரு பெண் பேருந்தில் உட்கார்ந்து, யாரோ ஒரு தோழிக்காகச் சேர்த்த வரிசை இருக்கிறது. அவர் பெயரும் காரணமும்தான் வழியில் உதிர்ந்துவிட்டன.

அந்தக் காரணம்தான் வாரப் பட்டியலின் உயிர். ‘இதுல மூணாவது பாட்டு உங்க அப்பாவுக்குப் பிடிக்கும், போட்டுக் காட்டு’ என்று ஒரு வரி கூட வந்தால், அந்தப் பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது.

பழசின் கையைப் பிடித்துக்கொண்டு

நல்ல வாரப் பட்டியல்களைக் கேட்டால் ஒன்று புரியும். பழையதையும் புதியதையும் அவை கலந்து கொட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இழை ஓடுகிறது.

1977-ல் வந்த ‘கவிக்குயில்’ படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ரீதிகௌளைப் பாட்டை வைத்துவிட்டு, அடுத்ததாக 2008-ன் ‘சுப்ரமணியபுரம்’ படத்தின் காதல் பாட்டை வைக்கிறார் ஒருவர். அதுவும் ரீதிகௌளை. முதலாவது இளையராஜா, இரண்டாவது ஜேம்ஸ் வசந்தன். ராகத்தின் பெயர் தெரியாதவருக்கும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காது சொல்லிவிடும்.

1995-ல் ‘இந்திரா’ படத்தில் ரஹ்மான் இசையில் ஹரிணி பாடியபோது அவருக்குச் சின்ன வயது. நிலவைப் பற்றிய அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த அத்தை ஒருவர், 2024-ல் வந்த ‘கட்சி சேர’ பாட்டைத் தன் போக்கில் ஒருபோதும் தேடிப்போக மாட்டார். அதை ஆக்கிய சாய் அபயங்கர், ஹரிணி–திப்பு தம்பதியின் மகன் என்று ஒரு குறிப்போடு இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கேட்பார். அண்ணன் மகள் அனுப்பும் பட்டியலில் இப்படி ஒரு ஜோடி இருந்தால், அந்த வாரம் இருவரும் தொலைபேசியில் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடுகிறது.

சினிமாவும் இதே வேலையைச் செய்கிறது. 2024-ல் ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ மலையாளத்தில் வந்து, 1991-ன் ‘குணா’ படப் பாட்டைப் புதுத் தலைமுறையின் உதட்டில் ஒட்டியது. அதே ஆண்டில் ‘லப்பர் பந்து’ 1989-ன் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டைத் திரையரங்கில் எழுந்து நின்று பாட வைத்தது. 2018-ன் ‘96’ படத்தில் ஒரு பாட்டுக்காக நாயகன் பள்ளி நாளிலிருந்து 22 வருடம் காத்திருக்கிறான். ‘தளபதி’ படப் பாட்டு அது. மின்சாரம் போன இருட்டில் நாயகி ஜானு அதைப் பாடத் தொடங்கும்போது அரங்கமே அமைதியானது. தமிழ்த் திரையில் வந்த மிக நீண்ட நேயர் விருப்பம் அதுதான்.

இப்படிப் பாட்டு தலைமுறை தாண்டுவதை ஆய்வாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கரோல் கிரம்ஹன்சல், ஜஸ்டின் ஸுப்னிக் இருவரும் 20 வயதை ஒட்டிய மாணவர்களுக்கு 1955 முதல் 2009 வரையிலான பிரபலப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். 2013-ல் வந்த முடிவு அவர்களையே வியக்க வைத்தது. தங்கள் சொந்தப் பதின்வயதுப் பாட்டுகள் மட்டுமல்ல, 1980களின் தொடக்கத்துப் பாட்டுகளும் அந்த மாணவர்களுக்கு நினைவுகளை எழுப்பின. அது அவர்களின் பெற்றோர் இளைஞர்களாக இருந்த காலம். வீட்டில் அப்பா அம்மா போட்டுக் கேட்ட பாட்டு பிள்ளைகளுக்கும் சொந்த நினைவாக ஆகிவிடுகிறது.

இங்கேதான் ஒரு கவலை எழுகிறது. அப்போது வீட்டில் ஒரே ஒரு டேப் ரெக்கார்டர். அப்பா போட்டதைப் பிள்ளையும் கேட்டாக வேண்டும். இன்று ஒரே வீட்டில் நாலு பேர், நாலு ஹெட்போன், நாலு உலகம். அப்பாவின் பாட்டு மகனின் காதுக்குத் தானாகப் போய்ச் சேரும் வழி அடைபட்டுவிட்டது. யாராவது வேண்டுமென்றே அனுப்பினால்தான் உண்டு.

> தானே தொகுத்த விடைபெறல்
>
> ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகாமோட்டோவுக்கு நியூயார்க்கில் ஒரு ஜப்பானிய உணவகம் மிகவும் பிடிக்கும். அங்கே ஒலித்த இசைதான் பிடிக்கவில்லை. சமையல்காரருக்குக் கடிதம் எழுதி, உணவுக்குப் பொருத்தமான பாட்டு வரிசையைத் தானே தொகுத்துத் தருவதாகச் சொன்னார். காசு வாங்காமல் செய்தும் கொடுத்தார்.
>
> 2023 மார்ச் 28-ல், 71 வயதில் அவர் இறந்தார். தன் இறுதிச் சடங்கில் ஒலிக்க வேண்டிய பாடல்களையும் அவரே தொகுத்து வைத்திருந்தார். மொத்தம் 33. சில வாரங்களில் அவருடைய குழுவினர் அதை உலகத்தோடு பகிர்ந்தார்கள்.

மறதிக்கு எதிராக ஒரு பட்டியல்

பாட்டுப் பட்டியல் பொழுதுபோக்கைத் தாண்டிப் போகும் இடம் ஒன்று உண்டு.

ஸ்காட்லாந்து பத்திரிகையாளர் சாலி மேக்னசனின் அம்மாவுக்கு மறதிநோய். மகளை அடையாளம் தெரியாமல் போன நாட்களிலும் பழைய பாட்டுகள் அம்மாவிடம் இருந்தன. கூடச் சேர்ந்து பாடினார். அம்மா இறந்த பிறகு, 2013-ல் ‘பிளேலிஸ்ட் ஃபார் லைஃப்’ என்ற அறக்கட்டளையை மேக்னசன் தொடங்கினார். மறதிநோய் வந்த ஒவ்வொருவருக்கும் அவருடைய வாழ்க்கைக்கே உரிய பாட்டு வரிசையைக் குடும்பத்தாரோடு சேர்ந்து தொகுப்பதுதான் வேலை. அமெரிக்காவில் டேன் கோஹன் முதியோர் இல்லங்களில் ஐபாடு கொண்டுபோய் இதே முயற்சியைச் செய்தார். 2014-ல் வந்த ‘அலைவ் இன்சைட்’ ஆவணப்படம் அதைப் பதிவு செய்தது.

பாட்டு நோயைக் குணப்படுத்தாது. படபடப்பு குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. ஆனால், பார்க்க வந்த மகனோடு ஐந்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்திருக்க ஒரு பாட்டு உதவும் என்றால், அந்தப் பாட்டு எது என்று மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எத்தனை வீடுகளில் தெரியும்? அப்பாவின் ரத்தப் பிரிவு தெரியும், சர்க்கரை அளவு தெரியும். அவர் இருபது வயதில் எந்தப் பாட்டைக் கேட்டுக் கிறங்கினார் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில் கேட்ட இசைதான் மனதில் ஆழமாகத் தங்குகிறது என்கிறது அந்த ஸ்காட்லாந்து அமைப்பு. 1955-ல் பிறந்தவர் என்றால் 1965 முதல் 1985 வரை. எம்.எஸ்.விஸ்வநாதன் கொடி பறந்த காலத்தில் அது தொடங்குகிறது. 1976-ல் இளையராஜாவின் ‘அன்னக்கிளி’ வந்தபோது அவருக்கு 21. தேட வேண்டிய இடம் அந்த இருபது வருடம். ‘உங்களுக்குப் பிடிச்ச பாட்டு என்னப்பா?’ என்று கேட்டால் ‘எல்லாம்தான்’ என்று சொல்லிவிடுவார். ‘எந்தத் தியேட்டர்ல பார்த்தீங்க, யாரோட போனீங்க?’ என்று கேட்டால் பட்டியல் தானாக வரும். இதற்கு நோய் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

இருபது பேர் கேட்டால்

வாரப் பட்டியலில் இடம்பெறும் புதுக் கலைஞர்களுக்கு என்ன பயன்? 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்குப் பணம் சேரத் தொடங்கும். 30 விநாடியாவது ஓடினால்தான் ஒரு முறை என்று கணக்கு. வெவ்வேறு ஆட்கள் கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. குறைந்தது எத்தனை பேர் என்பதை நிறுவனம் வெளியிடவில்லை.

1,000-ஐ 52 வாரத்தால் வகுத்தால் 19 சொச்சம். இருபது பேர் கொண்ட ஒரு குழு, ஒரு புதுக் கலைஞரின் பாட்டை வாரம் ஒருமுறை கேட்டாலே கேட்பு எண்ணிக்கை அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். பெரிய நட்சத்திரத்துக்கு இருபது பேர் கணக்கிலேயே வராது. வீட்டு அறையில் பதிவுசெய்து முதல் பாட்டை வெளியிடும் இளைஞருக்கு அந்த இருபது பேர்தான் வாசல்.

வாசலைத் தாண்டிய பிறகும் பாதை சீராக இல்லை. அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் கூட்டணியில் 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யை யூடியூபில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். பட்டியல் பாட்டைக் காதுக்குக் கொண்டுபோகும். காசைக் கலைஞரின் கைக்குக் கொண்டுபோகும் வேலை ஒப்பந்தங்களில் இருக்கிறது.

இதற்கிடையே புதுக் கூட்டம் ஒன்று வந்து நெருக்குகிறது. முழுக்க முழுக்கச் செயற்கை நுண்ணறிவால் ஆன பாட்டுகள் நாளொன்றுக்கு 20,000-க்கு மேல் தன்னிடம் வந்து குவிவதாக 2025 ஏப்ரலில் பிரெஞ்சு இசைச் சேவை நிறுவனமான டீஸர் சொன்னது. வந்து சேரும் மொத்தப் பாட்டில் அது 18 சதவீதம். இந்தப் பெருக்கில், ‘நான் கேட்டேன், அழுதேன், நீயும் கேள்’ என்று ஒரு மனிதர் பொறுப்பேற்றுச் சொல்லும் பாட்டுக்கு மதிப்பு கூடத்தான் செய்யும்.

காணாமல் போகும் வரிசைகள்

கேசட் ஈரத்தில் பூசணம் பிடித்தாலும் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. கைபேசிப் பட்டியல் அப்படியில்லை. கூகுள் பிளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவை விட்டுப் போனது. விங்க் மியூசிக்கை மூடப்போவதாக அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல் அறிவித்தது. ஒவ்வொரு முறையும் வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ள முடியாதவர்களின் பட்டியல்கள் அப்படியே போயின.

செயலி இருந்தாலும் பாட்டு போய்விடலாம். 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் நிறுவனத்தோடு உரிம ஒப்பந்தம் முடிந்ததும், ஸ்பாட்டிஃபையிலிருந்து அந்நிறுவனத்தின் பாட்டுகள் ஒரே நாளில் மறைந்தன. பட்டியலில் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கும், தொட்டால் ஒலிக்காது. இருவருக்கு மட்டும் பொருள் தெரிந்த ஒரு வரிசையில் நடுவே ஒரு பல் விழுந்தது போல.

அதனால் இணைப்பை அனுப்புவதோடு நிறுத்தாமல் படத்தின் பெயர், ஆண்டு, பாடியவர், ஏன் பிடிக்கும் என்ற ஒரு வரி ஆகியவற்றையும் எழுதி வைப்பது நல்லது. தாளில் எழுதினால் இன்னும் நல்லது. இந்த நான்கும் இருந்தால் எந்தச் செயலி போனாலும் பாட்டைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். நாலாவது வரி மட்டும் எழுதியவரைத் தவிர வேறு யாரிடமிருந்தும் கிடைக்காது.

பழைய பீரோவைச் சுத்தம் செய்யும்போது ஒரு கேசட் உறை கிடைக்கிறது. உள்ளே கேசட் இல்லை. நீல மையில் பன்னிரண்டு பாட்டு. ஐந்தாவது அடித்துத் திருத்தியிருக்கிறது. மகள் அதைப் பார்த்துக் கைபேசியில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்கிறாள். பன்னிரண்டும் கிடைத்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை குடும்பக் குழுவில் இணைப்பு போகிறது. அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். பன்னிரண்டாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் கையை நீட்டி, நிறுத்து என்கிறார்.

“ஏம்ப்பா, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கே?”

“எங்க கேசட்டுல இதோட டேப் முடிஞ்சிடும்மா.”